குடைக்குள் மழைமானி

வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோளோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆற்றின் தலைப்பகுதியில் மழை கொட்டித் தீர்க்கிறது என்று அது சொல்லும்; மலைமேல் இருக்கும் மழைமானியோ தூறல்கூட இல்லை என்று சாதிக்கும். வானத்தில் சுற்றுவதை நம்புவதா, மண்ணில் நிற்பதை நம்புவதா? மண்ணைத்தான் நம்பினேன். செயற்கைக்கோள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அணைக்கட்டுக்காரர்களிடமும் சொல்லிவைத்தேன்.

இன்று எரிச்சல் தாங்காமல் நானே மலையேறினேன். பேய்மழை. மழைமானியில் அளவு பார்க்கும் காவலாளி இருளாண்டி, தொப்பலாக நனைந்தபடி அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“கவர்மெண்டு சாமானும்மா. நனைஞ்சு துருப்பிடிச்சா யாரு பதில் சொல்றது? மழை விட்டதும் தொறந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன்.”

“ஐயோ, குடையை எடுங்கண்ணே!” என்று கத்தினேன்.

அவர் பதறிப்போய்க் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. அணைப் பொறியாளர்.

“மேடம், செயற்கைக்கோள் இன்னைக்கும் பயங்கர மழைன்னு புளுகுது. ஷட்டரை மூடியே வச்சிட்டு வீட்டுக்குக் கிளம்பட்டுமா?”

குடை போன மழைமானிக்குள் தண்ணீர் மளமளவென ஏறிக்கொண்டிருந்தது.