தாரிணிக்குக் கிடைத்த பள்ளி

டிஸ்லெக்சியா உள்ள மகள் தாரிணிக்காக வசுமதி கோயம்புத்தூரில் ஏறி இறங்காத பள்ளி இல்லை. எல்லோரும் கைவிரித்த பிறகு ஒரே ஒரு பள்ளி மட்டும், எழுத்தைக் காதில் வாசித்துச் சொல்லும் கண்ணாடியை மாட்டிவிட்டு அவளைத் தேர்வுக்கு உட்காரவைத்தது.

திரையில் ஒரு வரி வந்தது. கண்ணாடி சொன்னதைக் காதில் வாங்காமல், தாரிணி ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, "குருவி... கூடு... கட்டியது" என்று தானே படித்தாள். வீட்டில் அம்மாவும் மகளும் மாறி மாறி அழுதபடியே படித்துப் பழகியதன் பலன் அது. வசுமதிக்குக் கண் நிறைந்தது.

முதல்வர் உதட்டைப் பிதுக்கினார். "தானா படிக்கிற பழக்கம் இருக்குதுங்களே. எங்க வேகத்துக்கு அது ஒத்துவராதுங்க. இன்னொரு வாட்டி பார்க்கலாம், நீங்களே பாப்பாகிட்ட சொல்லிடுங்க."

வசுமதி மகளின் பக்கம் குனிந்தாள். "எழுத்தைப் பார்க்காத, கண்ணு. காதுல கேக்கறத மட்டும் சொல்லு."

"நான் சரியாத்தானம்மா படிச்சேன்?"

"சரிதான். ஆனா வேண்டாம்."

இரண்டாம் முறை தாரிணி காதில் கேட்டதை மட்டும் சொன்னாள். இடம் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த தாரிணி கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் வருதா கண்ணு?"

"இல்லம்மா. வெளிய ஒரே போர்டா வருது."