ஆறிப்போன பிபிங்கா

"பிபிங்கா ஆறிப்போச்சு. எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு பூரிங் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாசலில் கைத்தடியோடு மூச்சு வாங்க நின்றார் அவள் கணவர் அன்செல்மோ. பக்கவாதம் வந்து, இடது கால் இன்னும் சரியாக ஊன்றாத மனிதர். மனைவியின் கோபம் தணியட்டும் என்று மாதா கோயில் வாசலில் சுட்டு விற்கும் அந்த அரிசி மாவு அப்பத்தைக் காலை இழுத்து இழுத்துப் போய் வாங்கி வந்திருந்தார். வழியில் டிரைசிக்கிள்காரன் நிறுத்திக் கூப்பிட்டும் ஏறவில்லையாம்.

மகள் மரிவிக் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாழையிலை கையைச் சுட்டது.

"சூடாத்தானேம்மா இருக்கு?"

பூரிங் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"சரி, நேத்து என்ன கோபம்?"

"உங்கப்பா என் செருப்ப நகத்தி வச்சிட்டார்."

"அதுக்கு முந்தி?"

"காலையில எழுந்ததும் என் முகத்தப் பார்க்கல."

விடுமுறைக்கு மணிலாவிலிருந்து வந்திருந்த மரிவிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியை இப்படித் தெருவில் அலைய விடுகிறாளே, இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?

அன்செல்மோவோ சிரித்தார்.

"விடும்மா. அவ கல்யாணத்துக்கு முந்தியே இப்படித்தான். திருவிழா டான்ஸ்ல அவ சித்தி பொண்ணுகூட ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினேன். மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. கிட்டாரோட போய் அவ ஜன்னலுக்குக் கீழ நின்னு பாடினேன்."

"திறந்தாங்களா?"

"எங்க? உங்க தாத்தா ஒரு வாளித் தண்ணிய ஊத்தினார். சொட்டச் சொட்டப் போய் பிபிங்கா வாங்கிட்டு வந்தேன். அந்த வாசனைக்குத்தான் ஜன்னல் திறந்துச்சு. இப்பவும் பிபிங்கா அடுப்புப் பக்கம் போனா எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வருது."

"அப்போ உங்களுக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சுப்பா!"

மரிவிக் முடிவு செய்துவிட்டாள். அம்மா திருந்தாவிட்டால் அப்பாவைத் தன்னோடு மணிலாவுக்குக் கூட்டிப்போய்விடுவது. அதற்கு முன் கடைசியாக ஒரு முயற்சி, ஆர்லின்.

ஆர்லின் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் மனநல டாக்டர். மரிவிக்கும் அவள் கணவனும் பிரிவதற்கு இருந்தபோது சேர்த்து வைத்தவர். யார் மேல் தப்பு என்று அவர் கேட்கமாட்டார். கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லப்போய்த்தான் மரிவிக்கின் கணவன் முதல்முறையாக அவள் எதிரில் அழுதான்.

மறுநாளே இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

முதலில் அன்செல்மோ மட்டும் உள்ளே போனார். திரும்பி வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே வந்த ஆர்லின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா என்ன சொன்னார் டாக்டர்?"

"அவர் சொன்னது அவரோட போகட்டும். நீங்க அம்மாவோட உள்ள வாங்க."

உள்ளே போனதும் மரிவிக் கொட்டித் தீர்த்தாள். ஆர்லின் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு கோபத்துக்கு அடியில உங்களுக்கு என்ன இருக்கு மரிவிக்?" என்றார்.

"எங்கப்பா ரோட்ல விழுந்துடுவாரோன்னு பயமா இருக்கு டாக்டர். நான் இங்க இல்லாத நேரத்துல போயிடுவாரோன்னு..."

"உங்களுக்கும்மா?" என்று பூரிங்கைப் பார்த்தார் ஆர்லின். "கோபத்துக்கு அடியில என்ன?"

பூரிங் மகள் பக்கம் திரும்பினாள்.

"அதே பயந்தான்" என்றாள்.

மரிவிக் நிமிர்ந்தாள்.

"வாதம் வந்தப்புறம் ஆஸ்பத்திரி டாக்டர் தினம் நடக்கணும்னார். இந்த மனுஷன் சாய்வு நாற்காலிய விட்டு எழுந்திருக்கல. கெஞ்சினேன், அழுதேன். ஃபாதர் வந்து சொல்லிப் பார்த்தார். அசையல. ஒருநாள் நெஜமாவே கோபம் வந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். எங்கிருந்துதான் தெம்பு வந்துச்சோ, கம்ப எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார், பிபிங்கா வாங்க."

"அதனால தினமும்...?" என்று கேட்டார் ஆர்லின்.

"தினமும் ஒரு காரணம் தேடறது லேசா டாக்டர்? தின்னு தின்னு பிபிங்கா எனக்கு வெறுத்தே போச்சு. அவர் போனப்புறம் திரும்பி வர்ற வரைக்கும் ஜன்னல்லயே நிப்பேன். கம்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் படுத்துக்குவேன்."

மரிவிக் எழுந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாளும் அம்மாவைப் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து அவளைச் சுட்டது.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள் பூரிங் அவள் காதருகில். "எனக்காகன்னாதான் அவர் எழுந்திருப்பார். தன் காலுக்காகன்னு தெரிஞ்சா மறுபடி நாற்காலிதான்."

திரும்பும் வழியில், ஊருக்குள் நுழைந்ததுமே பூரிங் முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"எனக்குக் கார் கதவ யாரும் திறந்து விடல. தான் மட்டும் ஏறி உட்கார்ந்தாச்சு."

மரிவிக் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"வண்டிய நிறுத்தும்மா" என்றார் அன்செல்மோ. "பிபிங்கா வாங்கிட்டு நடந்தே வந்துடறேன்."

"கோயிலுக்கு இன்னும் ரெண்டு தெரு இருக்கேப்பா!"

"பரவால்ல, இங்கயே நிறுத்து."

மரிவிக் இறங்கி அவருக்குக் கதவைத் திறந்து, தடியைக் கையில் கொடுத்தாள். அவர் அவளைத் தள்ளி அழைத்துப்போய்க் காதோடு சொன்னார்.

"போன தடவ ஆஸ்பத்திரிக்குப் போனப்ப டாக்டர் நடக்கற தூரத்தக் கூட்டச் சொன்னார். உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. எனக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சா அவ கோபிச்சுக்க மாட்டா. அப்புறம் நான் யாருக்காக நடக்கறது?"