நான்காவது சக்கரம்

உலகப்போரில் ஓடிய ராணுவ லாரி ஒன்றை மீண்டும் ஓடவைக்க, எனக்கு நான்காவது சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் கிடைக்கவில்லை. ஏறி இறங்காத காயலான் கடை இல்லை. கடைசியில் அது ஒரு கடற்கரைப் பூவரச மரத்தில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் உட்கார்ந்து மிக்கேலம்மாள் என்ற மீனவப் பெண்மணி கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார்.

ஆசைப்பட்ட பொருளை அலட்சியமாகப் பேசித்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் கடைத்தெருப் பாடம். "துருப்பிடிச்சு உதிருது. எடைக்குக்கூடத் தேறாது," என்றேன்.

"பொறவு எதுக்கு அண்ணாச்சி காரை நிறுத்திட்டு ஓடியாந்தீய?"

வார்ப்பிரும்பில் கீறல் இருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். பழக்கதோஷத்தில், பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்து ஓங்கித் தட்டினேன். கீறலே இல்லை. ஓசை தண்ணீரின் மேல் போய்க்கொண்டே இருந்தது.

மிக்கேலம்மாள் எழுந்துவிட்டார். "தட்டிட்டீயளே அண்ணாச்சி. புயல் வந்தாத்தான் நாங்க அதத் தொடுவோம். இந்தச் சத்தம் கேட்டா, கடலுக்குப் போனவிய போட்ட வலைய அறுத்துவிட்டுட்டு வந்துருவாவ."

தூரத்தில் மிளகு சிந்தியதுபோல் கிடந்த படகுகள், மேகமே இல்லாத வானத்தின் கீழ், ஒவ்வொன்றாகக் கரையை நோக்கித் திரும்பின. கடைசியில் ஒரு படகுகூட ஆழ்கடலைப் பார்த்து இல்லை. ஒற்றை ஓசைக்கு இத்தனை பேர் பேரம் பேசாமல் கட்டுப்பட்டதை நான் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை.

கம்பியைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன். மிக்கேலம்மாள் வலையை ஒதுக்கி எனக்கு இடம் விட்டார்.

"உக்காருங்க. டிரம்மு வேணும்னா அவியகிட்டயே கேளுங்க. அந்தா, வந்துட்டாவ."