கரண்ட் போன நேரம்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்தின் வாசலில் சிவரஞ்சனி நிற்கிறாள். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே இறங்கும் வெயிலில் பஞ்சுத் தூசி மினுங்கியபடி மிதக்கிறது. ஆள் தேவை என்று எங்கும் எழுதிப் போடவில்லை, தெரிந்தேதான் வந்திருக்கிறாள். உள்ளூரில் வேலை அமையாவிட்டால் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு அவள் திருப்பூருக்குப் போயாக வேண்டும். முதலாளி தனுஷ்கோடி எண்ணெய்க் கையோடு எதிரில் வருகிறார். அவள் சொல்வது தறிகளின் தடதடப்பில் அவர் காதில் ஏறவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்துகிறாள். அந்த நொடி பார்த்துக் கரண்ட் போகிறது.

"எனக்கு வேலை குடுங்கண்ணே!"

தறிகள் அடங்கிய கூடத்தில் அவள் குரல் மட்டும் தகரத்தில் மோதித் திரும்புகிறது. பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "ஏட்டி, நீ போட்ட சத்தத்துல கரண்டே பயந்து ஓடிருச்சு!" என்கிறாள் தறி ஓட்டும் இருளம்மாள். சிவரஞ்சனிக்குக் காது மடல் சுடுகிறது.

"ஆள் வேணும்னு போர்டு எதுவும் போடலையேம்மா," என்கிறார் தனுஷ்கோடி.

"போட்டா ஊரே வந்து நிக்கும்ணே. அதான் முந்திக்கிட்டேன்."

"தறி ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தி சுந்தரபாண்டியத்துல ஓட்டுனேன்."

அவர் பதில் சொல்ல வாய் திறக்கும்போது கரண்ட் வந்துவிடுகிறது. தறிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. அவருடைய உதடுகள் அசைகின்றன, ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரைச்சலிலேயே காலம் தள்ளும் இருளம்மாளுக்கு வாயசைவே போதும். மூலையில் சும்மா நிற்கும் தறியின் மேலிருந்த போர்வையை உருவிப் போட்டுவிட்டு, வா என்று கையசைக்கிறாள். சிவரஞ்சனி சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நடக்கிறாள். "சரிண்ணே!" என்று அவள் கத்துவது இந்த முறை யாருக்கும் கேட்கவில்லை.