வலப்பக்கமாகப் படுத்த வண்டி

பட்டறை முற்றத்தில், பழைய மெத்தையின் மேல், அண்ணனின் இருநூறு கிலோ குரூஸர் பைக் வலப்பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது. அகன்ற கைப்பிடியிலும் உருண்ட டேங்கிலும் காலை வெயில் வழுக்கி ஓடுகிறது. தனியாகத் தூக்கி நிறுத்தினால் சாவி தங்கைக்கு. இல்லையென்றால் மதியம் வண்டி பார்க்க வருகிறவருக்கு அண்ணன் விற்றுவிடுவான். இரண்டு முறை கையால் இழுத்துத் தோற்றுவிட்டாள். “ஓடுறப்ப வெண்ணெய் மாதிரிப் போகும். விழுந்தாத்தான் எடை தெரியும். தையல் மிஷின்னு நெனச்சியா?” என்கிறான், டீயை ஊதியபடி. “நீ டீயைக் குடிண்ணா.” இம்முறை அவள் அவசரப்படவில்லை. வண்டி உருளாதிருக்க கியரைப் போடுகிறாள். நிமிர்ந்த வேகத்தில் மறுபுறம் சாயாதிருக்க, இடப்பக்க ஸ்டாண்டை முன்பே விரித்து வைக்கிறாள். முதுகைத் திருப்பி, தாழ்ந்த சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்கிறாள். சரியாகத்தான் செய்கிறோமா என்று தெரியவில்லை. ஆனாலும் அடுத்த அடியை வைக்கிறாள். ஸ்பிரிங் முனகுகிறது. வண்டி எழுந்து, ணங்கென்று ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. அண்ணன் டீயை மறந்து சாவியை நீட்டுகிறான். அவள் வாங்கவில்லை. உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொள்கிறாள். “அப்புறம் குடு. இப்ப இடப்பக்கமாப் படுக்க வை. அப்படி விழுந்தா ஸ்டாண்டு அடியில மாட்டிக்கும், முன்னாடியே விரிக்க முடியாதுல்ல.”