எலி எங்கே செத்தது

எலி அலமாரிக்குப் பின்னால்தான் செத்துக் கிடக்கிறது என்று அப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அதனால் அலமாரியை நகர்த்தினோம். பின்னால் பல் உடைந்த ஒரு சீப்பும், காய்ந்து ஓடாகிப்போன ஒரு கரப்பான்பூச்சியும் இருந்தன. எலி இல்லை.

நாற்றம் மட்டும் இருந்தது. புளிப்பும் தித்திப்புமாகத் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம். போன வாரம் லேசாக ஆரம்பித்து, இப்போது தலையணைக்கு வந்து, என் தலைமுடிக்கும் வந்துவிட்டது. எச்சில் விழுங்கவே அருவருப்பாக இருந்தது.

பள்ளிக்கூடம் முடிந்த முதல் கோடை விடுமுறைதான் வாழ்க்கையிலேயே இனிமையான காலம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அவர்களை என் அறையில் ஒரு மத்தியானம் படுக்கவைக்க வேண்டும்.

இனிமை இல்லாமல் இல்லை. கண் எரிய எரியப் படம் பார்க்கலாம். சூரியன் உச்சிக்கு வரும்வரை தூங்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. எல்லாம் இருந்தது, குச்சி மட்டும் இல்லை.

குச்சி என் தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஊதினால் பறந்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர். வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் சேர வேறு ஊருக்குப் போகிறாள். அதையும் அவள் சொல்லவில்லை. யார் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

கடைசிப் பரீட்சைக்கு உள்ளே போகும்போது, எல்லார் முன்னாலும், "இனிமேலாவது இவ தொல்லை இல்லாம நிம்மதியா இருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நான் சொன்னது விளையாட்டு இல்லை. பரீட்சை முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவதாக இருந்தோம். நான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

முதலில் அவள் பேசட்டும் என்று நான் இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். வீம்பில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்பா கட்டிலுக்கு அடியில் எலி தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா உள்ளே வந்தாள். மூக்கில் கைக்குட்டையைக் கட்டியிருந்தாள். மோப்ப நாய் மாதிரி அறையை ஒரு சுற்று வந்து, மேஜைக்கு அடியில் குவிந்திருந்த என் அழுக்குத் துணிகளைக் காலால் தள்ளினாள். அடியில் என் பள்ளிக்கூடப் பை கிடந்தது. வீட்டுக்கு வந்த கையோடு நான் வீசியெறிந்த பை. இனி இதைத் தொட்டால் ஏனென்று கேள் என்று சபதம் போட்டிருந்தேன்.

"எலி இல்ல, உன் பவுசுதான் நாறுது. நீயே தொற."

தொட்டேன். பையின் அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா. வெயில் ஏற ஏற உப்பி, மூடி ஒரு பக்கம் வாயைப் பிளந்திருந்தது.

அப்பா ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எலிப் பேச்சே இல்லை.

டப்பாவை வாஷ்பேசினில் வைத்து மூடியை எடுத்தேன்.

உள்ளே ஒரு பூஞ்சைக் காடு. சாம்பல் நிறம், பச்சை நிறம், நடுவில் கருத்துப்போய்ப் பிசுபிசுவென்று இரண்டு உருண்டைகள். உருவத்தை வைத்துத்தான் அவித்த முட்டை என்று சொல்ல முடிந்தது. ஒன்றின் மேல் ஏதோ நெளிந்தது.

குடல் வாய்க்கு வந்துவிட்டது. இந்தக் கண்றாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் தூங்கினேன், பிஸ்கட் தின்றேன், கையைக்கூடக் கழுவாமல்? சீ, நானும் ஒரு மனுஷியா.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது.

எங்கள் வீட்டில் முட்டை அவிப்பதில்லை. அந்த வாடையே அம்மாவுக்கு ஆகாது. எனக்கோ முட்டை என்றால் உயிர். அதனால்தான் தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலிலேயே நானும் குச்சியும் டப்பாவை மாற்றிக்கொள்வோம். அவளுக்கு என் அம்மாவின் சமையல், எனக்கு அவள் வீட்டு முட்டை. சண்டைக்கு முன்னால் அன்றைக்கும் மாற்றிக்கொண்டோம்.

இது குச்சியின் டப்பா.

அப்படியென்றால் என் டப்பா அவள் பையில் இருக்கிறது. அங்கேயும் அலமாரியை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நாற்றத்தின் நடுவில், மூக்கைப் பொத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

வீம்பாவது வெங்காயமாவது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஃபோனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"குச்சி, உங்க வீட்லயும் எலி தேடுறாங்களாடி?"

"என்ன எலி?"

"என் டப்பாவ என்னடி பண்ணினே?" என்று கேட்டேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"உன் டப்பாவ அன்னிக்கே காலி பண்ணிட்டேன்டி. அழுதுகிட்டேதான் சாப்பிட்டேன். கழுவி வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோ." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கடைசி நாளாச்சேன்னு அம்மாகிட்ட ரெண்டு முட்டை வைக்கச் சொன்னேன். சாப்பிட்டியா?"

வாஷ்பேசினைப் பார்த்தேன். டப்பாவின் மேல் மூடியைக் கவிழ்த்தேன்.

"ரெண்டையும் சாப்பிட்டேன்" என்றேன்.