கோல் படாத இடம்

கறுப்புத் துணியை என் கண்ணில் கட்டுவதற்கு முன்பே நான் ஸ்டூலில் மோதிவிட்டேன்.

சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். பட்டப்பகலில், எனக்கு இடது பக்கம், முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்திருக்கிறது. உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது.

கிரேஸ் டீச்சர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பார்வை போனவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கவும், பேசுகிற போனைப் பழகவும், மருந்து பாட்டிலைத் தடவி அடையாளம் தெரிந்துகொள்ளவும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. துணி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

“இன்னும் கண்ணக் கட்டவே இல்லியேண்ணா,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வழியில் ஸ்டூலைப் போட்டவனைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

டாக்டர் சொன்னதை அவளிடம் மறைக்கவில்லை. கண்ணில் அழுத்தம். ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இடது பக்கம் அநேகமாகப் போய்விட்டது, போனது திரும்பாது. நேராகப் பார்த்தால் மட்டும் எல்லாம் பளிச்சென்று தெரியும். கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடுவேன். பக்கத்தில் நின்று என் செருப்பைத் திருடுகிறவனைத்தான் தெரியாது.

பொய் சொன்னது ஒரே ஒரு விஷயத்தில். என்ன வேலை என்று கேட்டபோது, பட்டுக்கடையில் சேலை மடிக்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே என் வேலை போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை. வீட்டில் என் மனைவி கலாவதிக்கே கண் விஷயம் தெரியாது. எல்லாம் இருட்டாகிற நாளுக்கு முன்னால் கொஞ்சம் கற்று வைப்போம் என்று வாரம் இரண்டு மத்தியானம் இங்கே வருகிறேன். அந்த நேரம்தான் எனக்கு ஓய்வு.

துணியைக் கட்டினாள். வெள்ளைக் கோலைக் கொடுத்து, விரல் எங்கே இருக்கவேண்டும் என்று தொட்டுக் காட்டினாள். வலது காலை வைக்கும்போது கோல் இடது பக்கம் தட்டவேண்டும். இடது காலுக்கு வலது பக்கம்.

வராந்தாவில் பத்துத் தப்படி நடந்தேன். வலது பக்கம் மட்டும் டொக், டொக். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

கிரேஸ் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். “கோலு படாத எடம் காலி எடம் இல்லண்ணா. சத்தம் வரலியேன்னு நம்பிக்கினு காலை வெச்சிடாதீங்க.”

அதற்கெல்லாம் ஆள் வைத்திருக்கிறேன் என்றேன். இடது பக்கம் என்ன வந்தாலும் ஒருத்தி சொல்லிக்கொண்டே வருவாள், ஒன்றையும் விடமாட்டாள்.

அவளுக்குச் சந்தோஷம். உதவி கேட்க நிறைய பேருக்கு வெட்கம், நீங்கள் பரவாயில்லை என்றாள். அண்ணியா என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மணி மூன்று பதினைந்து என்று என் போன் பேசியது. துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கினேன்.

கோலை மடித்து டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்டேன்.

மஞ்சள் நிற ஸ்கூல் வேன். பதினான்கு பிள்ளைகள். மூன்றரைக்கு ஏனாத்தூரில் ஏற்றி, பிள்ளையார்பாளையம் வரைக்கும் ஒவ்வொருத்தராக இறக்கிவிடவேண்டும்.

போன தீபாவளியிலிருந்து எங்கள் வேனில் ஒரு விளையாட்டு. முன்சீட்டில் உட்காருகிற பிள்ளை, ஜன்னல் பக்கம் எது வந்தாலும் கத்திச் சொல்லவேண்டும். சைக்கிள், மாடு, நாய், பள்ளம். ஒன்றை விட்டாலும் சீட் போயிற்று. மூன்றாவது படிக்கிற ஜீவிதா அந்தச் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. ரங்கசாமிக்குளம் திருப்பத்தில் தினமும் “பூ வண்டி” என்று கத்துவாள். தள்ளுவண்டியில் சரம் சரமாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பூக்காரம்மா நிற்கும். நான் கொஞ்சம் வலது பக்கம் ஒடிப்பேன். எங்கள் வேனில் வந்துதான் பிள்ளைக்குப் பேச்சு நன்றாக வந்தது என்று ஜீவிதாவின் அம்மா பொங்கலுக்கு எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு ஜீவிதா வரவில்லை. காய்ச்சலாம்.

யு.கே.ஜி. சிம்ரன் முந்திக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். “இன்னிக்கு நான் சொல்றேன் அங்கிள்.”

நன்றாகத்தான் சொன்னாள். மாடு. ஆட்டோ. ஐஸ் வண்டி. இன்னொரு மாடு.

ஊருக்குள் நுழைந்ததும் நெரிசல். முகூர்த்த மாசம், சேலை எடுக்க வந்த வெளியூர்க் கார்கள் இரண்டு பக்கமும் நின்றன. நான் நேராகவே பார்த்து ஓட்டினேன். இடது பக்கம் சத்தமே இல்லை. அப்பாடா, அந்தப் பக்கமாவது காலியாக இருக்கிறதே என்று ரங்கசாமிக்குளத்தில் நிம்மதியாக ஒட்டித் திருப்பினேன்.

எங்கோ டொக் என்றது. சீட்டுக்கு அடியில் கோல் உருண்டிருக்கும் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு பிள்ளை “அங்கிள்” என்றது. எப்போதும் கூப்பிடுவதுதான், திரும்பவில்லை. பிறகு ஒரு பிள்ளையும் பேசவில்லை.

மூங்கில் மண்டபம் சிக்னலில் நின்றபோதுதான் தலையை முழுதாக இடது பக்கம் திருப்பினேன்.

சிம்ரன் கதவில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எந்தத் தெருவிலிருந்து தூங்குகிறாள் என்று தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சைடு மிரர் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. அதில் ஒரு முழம் கனகாம்பரம் தொங்கிக்கொண்டிருந்தது.